அட்டையில் நான் எழுதிய பொய்

ஒரு நாளும் மருந்தைத் தவறவிடாத ஒருவரை, மருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று அவருடைய அட்டையில் எழுதினேன். அவரைக் கேட்காமல், அவருக்கு மருந்து கொடுத்தவரை விசாரிக்காமல், என் மூக்கை மட்டும் நம்பி எழுதினேன். நான் எழுதியது பொய் என்று காட்டிய மூன்று பாட்டில்களையும் பிறகு என் கையாலேயே அழித்தேன். அந்த மனிதர் இறந்துபோனார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இனி எனக்கு நேரமும் இல்லை, வெட்கமும் இல்லை.

தொண்ணூறுகளில் மலாக்கா நகரத்தில், ஓர் அரசாங்க நெஞ்சுநோய்க் கிளினிக்கின் ஆய்வகத்துக்கு நான் தலைமை டெக்னீஷியன். தலைமை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எனக்குக் கீழே இரண்டு பேர், இரண்டு மைக்ராஸ்கோப், ஒரு குளிர்பெட்டி, பாதி நாள் ஓடாத ஒரு விசிறி. ஆனால் நான் கழுத்துப்பட்டை கட்டாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. என் அப்பா தபால் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. மிஷன் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன் நான். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால், “எங்க குடும்பத்துல யாரும் பால்மரம் தொட்டதில்ல” என்று யாரும் கேட்காமலேயே சொல்வேன். பக்கத்து இலைக்காரர் ரப்பர் மரம் சீவியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவராக இருப்பார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிடுவார். அந்தத் தலையாட்டலை மரியாதை என்று நம்பும் அளவுக்கு நான் முட்டாளாக இருந்தேன்.

நோயாளிகள் சளிக் குப்பியைக் கொடுக்க ஆய்வகத்தில் ஒரு ஜன்னல் உண்டு. நகரத்துக்காரர் வந்தால் கதவைத் திறந்து உள்ளே வரச்சொல்வேன். ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஜன்னலோடு சரி. இப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. நானே போட்டு நானே காத்துவந்த விதி அது.

டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்த மனிதர் வருவார். நாற்பது வயது இருக்கும். சுற்றியிருந்த தோட்டங்கள் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன. அவருடைய தோட்டத்தில் பாதி ரப்பர் மிச்சமிருந்தது. ஸ்டோரில் மூட்டை தூக்குவது அவர் வேலை. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவார். காசநோய்க்கு மருந்து தொடங்கி ஐந்து மாதம் ஆகியும் அவர் சளியில் கிருமி போகவில்லை.

ஐந்து மாதத்துக்குப் பிறகும் கிருமி இருந்தால் இரண்டில் ஒன்றுதான். ஆள் மருந்தைச் சரியாகச் சாப்பிடவில்லை. அல்லது, கிருமி அந்த மருந்துக்கு அடங்காத கிருமி. எது என்று தெரிந்துகொள்ள, கிருமியை வளர்த்து மருந்தோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைத் தலைநகரத்தில்தான் செய்தார்கள். பதில் வர இரண்டரை மாதம் ஆகும், சில சமயம் மூன்று. எல்லாருடைய சளியையும் அனுப்ப முடியாது என்பதால் எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் குணமாகாதவர்களுக்கு மட்டும் அனுப்புவோம். ஒழுங்கா இல்லையா என்று அட்டையில் ஒரு கட்டம் இருக்கும். நர்ஸ் நிரப்ப வேண்டிய கட்டம். நர்ஸ்களுக்கு வேலை அதிகம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். அதிகாரம் எங்கே சிந்திக் கிடந்தாலும் பொறுக்கிக்கொள்கிற ஆள் நான்.

அன்று மாலை அவர் ஜன்னலில் தலையை நீட்டியதும் ஒரு புளித்த வாடை வந்தது. சட்டை, கை, தலைமுடி எல்லாம் அந்த வாடை.

“என்ன, கள்ளுக்கடைலேந்து நேரா இங்கதானா?” என்றேன்.

“இல்ல சார். வேல முடிஞ்சி அப்படியே வந்துட்டேன். இன்னிக்கி லோரி வந்துச்சி, ஏத்திவிட்டுட்டுதான் வர முடிஞ்சிது.”

“லோரி வந்துச்சா, இல்ல லோரி மேல நீங்க வந்தீங்களா?”

பின்னால் நர்ஸ்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டேன். சார் என்று அழைக்கப்படுகிறவன் கேலி பேசினால் சிரித்துவைப்பது அவர்கள் பிழைப்பின் ஒரு பகுதி என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. முன்னால் வந்து, “சார், அஞ்சு மாசமா ஒரு நாள் விடல சார். காலைல பெரட்டுல எல்லாரு முன்னுக்கும்தான் முழுங்குறாரு. டிரெஸரு நாக்க தூக்கச் சொல்லிப் பாப்பாரு. ஒன்னுக்குகூட ஆரஞ்சு சோடா மாரி போவுது சார்” என்றார்.

நர்ஸ்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். பெரட்டு என்பது விடிகாலையில் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கும் கூட்டம். நூறு பேர் பார்க்க, தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர் வாயைத் திறக்கச் சொல்லிச் சோதிக்க, ஒருவர் மாத்திரை விழுங்கினார் என்றால் அதைவிட ஒழுங்கு எதுவும் கிடையாது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் அந்த மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது. அந்த அம்மா அர்த்தம் தெரியாமல் சொன்ன அத்தாட்சி எனக்கு முழு அர்த்தத்தோடும் காதில் விழுந்தது. விழுந்தபின்தான் எழுதினேன். மலாயில், இரண்டே வார்த்தை: ஒழுங்கில்லை. கீழே என் கையெழுத்து.

ஆய்வகத்தில் எனக்குக் கீழே இருந்தவர்களில் ஒருத்தி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். இருபத்தெட்டு வயது இருக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் கிருமி வளர்க்கும் கூழ் தயாரிப்பது அவள் வேலை. பசாரிலிருந்து முட்டை வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, உடைத்து, துணியில் வடிகட்டி, பச்சைச் சாயம் கலந்து, சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் சாய்வாக வேகவைப்பாள். அவள் கை சுத்தம் என்று தலைநகரத்து ஆய்வகத்திலிருந்தே சொன்னார்கள். அந்தப் பாராட்டுக் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை.

அன்று அந்த மனிதரின் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தவள் அவள்தான். கிருமி மண்டிக்கிடந்தது.

“சார், இவரோடத தலைநகரத்துக்கு அனுப்பலாமா?”

“மருந்து தின்னாத ஆளு சளி அப்படித்தான் இருக்கும். நீ இதுக்குப் புதுசா?”

“அவரு குடிக்கல சார். அது கள்ளு வாசமில்ல, ஒட்டுப்பால் வாசம். மரத்துல காஞ்சி ஒட்டியிருக்கிற பால உரிச்சி மூட்டையில போட்டு வைப்பாங்க, புளிச்சி நாறும். எங்கப்பா மேல இருவது வருசமும் அந்த வாசம்தான் சார்.”

“அப்ப ஒனக்கு மணக்கும்லா,” என்றேன்.

அவள் சில்லைத் திரும்ப மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பால்மரம் தொடாத குடும்பம் என்று பந்தி பந்தியாகப் பீற்றிக்கொண்டவனுக்கு ரப்பரின் வாசம் தெரிந்திருக்கவில்லை. மலாக்காவில் பிறந்து மலாக்காவில் நரைத்த தமிழன், தன் ஆட்களின் வேலை எப்படி நாறும் என்றுகூடத் தெரியாதவன்.

அவள் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். வளர்ந்திருப்பது காசநோய்க் கிருமிதானா என்று உறுதிசெய்ய எங்களிடம் ஒரு பழைய முறை இருந்தது. அந்தக் கிருமி நைட்ரேட் உப்பை மாற்றிவிடும். அதில் சில சொட்டு ரசாயனம் விட்டால் ரோஸ் நிறம் வரும். அவள் யோசித்தது இவ்வளவுதான்: உப்பை முட்டைக் கூழிலேயே கலந்துவிட்டால்? கூடவே மருந்தையும் கலந்துவிட்டால்? மருந்து வேலை செய்தால் கிருமி சாகும், நிறம் வராது. நிறம் வந்தால், மருந்துக்கு நடுவிலேயே கிருமி உயிரோடு இருக்கிறது. கிருமி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும்வரை காத்திருக்க வேண்டாம். பதினான்கு நாள் போதும். சொட்டு ரசாயனம் எங்களிடம் தீர்ந்துவிட்டிருந்தது. அணைக்கட்டுப் பக்கம் குடிதண்ணீரைச் சோதிக்கும் இடத்தில் வேலை செய்த தோழியிடம் ஒரு சிறு குப்பி வாங்கிவந்தாள். மொத்தச் செலவு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கும் காசு.

மூன்று பாட்டில். ஒன்றில் மருந்து கிடையாது. மற்ற இரண்டில் அவர் அன்றாடம் விழுங்கிய இரண்டு முக்கிய மருந்துகள், பாட்டிலுக்கு ஒன்று. பதினான்காம் நாள், ஒரு புதன்கிழமை காலை, என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். மூன்றும் ஒரே ரோஸ் நிறம். கடையில் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தரும் பண்டோங் தண்ணியின் நிறம்.

“ரெண்டு மருந்துக்குமே அடங்கல சார்,” என்றாள். அவள் குரலில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது.

“யாரக் கேட்டுச் செஞ்ச?”

“கேட்டா விடமாட்டீங்க சார்.”

“தண்ணி டெஸ்ட் பண்ற மருந்த வச்சி டிபி பாக்குறியா? அடுத்து என்ன, ரசத்துல ஊத்திப் பாப்பியா?”

“மருந்தில்லாத பாட்டிலும் பக்கத்துலயே இருக்கு சார், ஒப்பிட்டுப் பாருங்க. நாளைக்கி டாக்டர் வந்தா காட்டலாம். தலைநகரத்துக்கும் அனுப்பி சரிதானான்னு கேட்டுக்கலாம். அதுவரைக்கும் அவருக்கு அந்த மருந்த…”

“போய் வேலயப் பாரு.”

பாட்டில்கள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. அப்படிப்பட்ட சுத்தமான சோதனையை என் வாழ்நாளில் நான் யோசித்துச் செய்ததில்லை. ஆனால் பாட்டில்கள் சரி என்றால் அட்டையில் இருந்த இரண்டு வார்த்தை தவறு. தோட்டத்தில் பிறந்த பெண் சரி, நான் தவறு. மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது மூன்று பாட்டில்களையும் கழிவோடு சேர்த்து, கிருமி கொல்லும் ஆவிப்பெட்டியில் வைத்து மூடினேன். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிட்டது. மறுநாள் டாக்டர் வந்தார். அவள் தைரியமாகப் போய்ச் சொல்லியிருந்தாள். அவர் என்னைக் கேட்டார். பாட்டில்களில் வேறு கிருமி கலந்து கெட்டுப்போயிருந்தது, கொட்டிவிட்டேன் என்றேன். “நீங்க பாத்தா சரிதான்லா” என்றார் டாக்டர். கோல்ஃப் மட்டைகள் காரில் காத்திருந்தன. என்னைப் போன்ற பொய்யர்கள் நிம்மதியாக வாழ அவரைப் போன்ற நல்லவர்கள் தேவை.

அதன்பிறகு அந்த மனிதருக்குப் பழைய மருந்தோடு ஓர் ஊசியை மட்டும் சேர்த்தார்கள். அடங்காத கிருமிக்கு ஒவ்வொரு மருந்தாகச் சேர்ப்பது, அந்த மருந்தையும் சேர்த்துத் தோற்பதற்கு வழி. தோட்டத்தில் நடந்தது அதைவிட மோசம். அட்டையில் இருந்ததை யாரோ தோட்டத்து கிராணியிடம் சொல்ல, அவர் பெரட்டில் வைத்தே, “மருந்தத் துப்பிட்டு ஊருக்கே நோய் பரப்புறான்” என்றாராம். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவர்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார்கள். கோயில் சாப்பாட்டில் அவர் இலையைத் தனியாகப் போட்டார்கள். தினமும் அவர் நாக்கைத் தூக்கிப் பார்த்த டிரெஸர்? தன் கண்ணை நம்பாமல் என் எழுத்தை நம்பினார். “வாயில எங்கயோ ஒளிச்சிருப்பான்” என்றாராம். படித்தவன் எழுதிவிட்டால் பார்த்தவனும் குருடனாகிவிடும் கூட்டம் நாங்கள்.

ஏழு மாதம் கழித்து டாக்டர் மாற்றலாகிப் போக, இளம் மலாய் டாக்டர் ஒருவர் வந்தார். அட்டையில் இருந்ததைப் பொருட்படுத்தாமல் அந்த மனிதரின் சளியைத் தலைநகரத்துக்கு அனுப்பினார். பதில் என் மேசைக்குத்தான் வந்தது. இரண்டு மருந்துக்கும் அடங்கவில்லை. பதில் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே அந்த மனிதர் இறந்திருந்தார். அவர் மனைவி இருமத் தொடங்கியிருந்தார்.

இந்த முறை, அந்த அம்மாவின் சளிக்கு ஆய்வகத்துப் பெண் மூன்று பாட்டில் வைத்தபோது நான் தடுக்கவில்லை. பதினான்காம் நாள் மூன்றும் ரோஸ். புது டாக்டர் பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைநகரத்துப் பதிலுக்குக் காத்திராமல் அன்றைக்கே அந்த அம்மாவுக்கு வேறு மருந்துகளுக்கு ஏற்பாடு செய்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தலைநகரத்துப் பதில் பத்து வாரம் கழித்து வந்தது. பாட்டில்கள் சொன்னதையே சொன்னது. ஒன்றரை வருடச் சிகிச்சைக்குப் பிறகு அந்த அம்மா பிழைத்தார். மாதக்கணக்கில் போட்ட கடும் ஊசியில் இரண்டு காதும் போய்விட்டன. பதினான்கு நாளில் கிடைத்த பதில் அவரைக் காப்பாற்றியது. அதே பதில் அவர் புருஷனுக்கும் கிடைத்தது. அதைத்தான் நான் வேகவைத்தேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பரிகாரம் தேடத் தொடங்கினேன். நடந்ததை எழுதி, அட்டையைத் திருத்தக் கோரி மேலிடத்துக்கு அனுப்பினேன். நோயாளி இறந்துவிட்டதால் கோப்பு மூடப்பட்டது என்று பதில். அவளுடைய சோதனையை எல்லா மாநில ஆய்வகங்களும் செய்து பார்க்க வேண்டும் என்று அவள் பேர் போட்டு எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். என்னைப் போல ஒருவன் அங்கேயும் ஒரு மேசையில் இருந்திருப்பான். அவளோ அதற்குள் வேலையை விட்டுவிட்டு, பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். தொழிற்சாலை வாசலில், ஷிப்ட் பஸ் காத்திருக்க, அவள் சொன்னாள்:

“எனக்கு எதுக்கு சார் மன்னிப்பு? எனக்கு இங்க சம்பளம் கூட. அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. சொன்னா கேக்காது, எழுதிக்கிட்டுப் போங்க.”

ஒரு பக்கம் தமிழில் எழுதினேன். நான் பொய் எழுதினேன் என்றே எழுதினேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், அந்த அம்மா கதவைத் திறந்தார். என்னைத் தெரிந்தது. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. நேரம் ஆனது. படித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பி நீட்டினார். காது கேளாதவர்களுக்கு வரும் அந்த உரத்த குரலில் பேசினார்.

“இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? எம்புருசன் முழுங்குனது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல மீட்டிங். எல்லாரும் வருவாங்க.”

போனேன். பழக்கதோஷத்தில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனேன். மத்தியான பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கட்டில் அண்டாக்கள் இறங்கியிருந்தன. ஒரு பெரிய மனிதர் பேச வேண்டும் என்கிறார் என்று மட்டும்தான் கமிட்டித் தலைவருக்குத் தெரியும். “நகரத்திலேருந்து நம்மள மதிச்சி வந்திருக்கிற சார் அவர்கள்” என்று மைக்கில் அழைத்தார்.

இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாள் கையில் இருந்தது. அதில் உண்மை இருந்தது. ஆனால் இருநூறு முகங்கள், முன்வரிசையில் டிரெஸரும் கிராணியும், கையில் மைக். ‘நான் பொய் எழுதினேன்’ என்ற வரி என் வாயில் ‘பதிவில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது’ என்று வந்தது. ‘பாட்டில்களை நான் அழித்தேன்’ என்ற வரி வரவேயில்லை. அந்தக் காலத்தில் வசதி குறைவு, எல்லாருக்கும் கஷ்டம் என்று என்னவோ சேர்த்துக்கொண்டேன். மேடை கிடைத்தால் தன்னையறியாமல் கௌரவமாகிவிடும் ஜென்மம். முடித்ததும் கை தட்டினார்கள். தலைவர் எழுந்து ஒரு பொன்னாடையை விரித்து என் தோளில் போர்த்தினார். டை கட்டி வருகிறவனுக்குப் போர்த்த எங்கள் கோயில் கமிட்டிகளிடம் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து அந்த அம்மா எழுந்து வந்தார். நான் என்ன சொன்னேன் என்று அவருக்குக் கேட்டிருக்காது. பொன்னாடை தெரிந்தது. என் முன்னால் நின்று, “இதப் படிச்சதுக்கா போத்துனாங்க?” என்றார். என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டார். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் வாயில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஸ்பீக்கர் கீச்சிட்டது, அவருக்குத் தெரியவில்லை. நான் விழுங்கிய வரிகள் எல்லாம் வந்தன. பொய் என்ற வார்த்தை வந்தது. பாட்டில்கள் வந்தன. என் பேரும் பதவியும் வந்தன.

படித்து முடித்ததும் தலைவர் மைக்கை வாங்கப் பார்த்தார். “சரி சரி, சாப்பாடு ரெடியா இருக்கு…”

அந்த அம்மா விடவில்லை. “எம்புருசன் குடிச்சிட்டு மருந்து தின்னாம செத்தான்னு சொன்னவங்க யாரு? எந்திரிங்க.”

யாரும் அசையவில்லை. அவருக்குச் சத்தம் உதவாது என்பதால் வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண் முதலில் எழுந்தார், அழுதுகொண்டே. பிறகு பின்வரிசையில் சிலர். பிறகு டிரெஸர், தரையைப் பார்த்தபடி. கிராணி எழவில்லை, வெளியே போய்விட்டார். அந்த அம்மா எழுந்தவர்களைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டார். தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

இலை போட்டார்கள். கோயிலுக்கு வந்தவனை, அவன் யாராக இருந்தாலும், சாப்பிடச் சொல்லாமல் அனுப்புவது எங்கள் ஆட்களிடம் இல்லை. அன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு காருக்குப் போனேன். வழியனுப்பவும் யாரும் வரவில்லை. என் வாழ்நாளில் தோட்டத்து மக்கள் என் தகுதிக்கு அளவாகக் கொடுத்த மரியாதை அது ஒன்றுதான்.